கொக்கரையும் மருந்துச் சீட்டும்

அகத்தியர்கூடம் மலை ஏறப் போகிறவர்கள் வித்துரா வழியாகத்தான் போனக்காட்டுக்கு வருவார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் துரை பங்களாவைப் பற்றி ஒரு கதை உண்டு. வெள்ளைக்கார மானேஜரின் 13 வயது மகள் அந்த வீட்டில் இறந்துபோனாளாம். வெகுகாலம் கழித்து அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போன தோட்டத்துச் சிறுமி ஒருத்தி திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தாளாம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் கடகடவென்று இங்கிலீஷ் பேசினாளாம். அதற்குப் பிறகு அதிக நாள் உயிரோடு இல்லையாம். இத்தனை ‘ஆம்’ போட்டுச் சொல்வதற்குக் காரணம், இது வாய்க்கு வாய் வந்த கதை என்பதுதான். ஆனாலும் பேய் பார்க்கவென்றே இளைஞர்கள் கேமராவோடு அங்கே போகிறார்கள்.

நடந்ததா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். நடந்ததாகவே வைத்துக்கொண்டால், அந்தச் சிறுமியை யாரிடம் கொண்டு போயிருப்பார்கள்? அந்த மலையில் இரண்டு வழி இருந்திருக்கும். மேலே போனால் காணிக்குடியின் பிலாத்தி. கீழே இறங்கினால் திருவனந்தபுரத்து ஊளம்பாறை. தமிழர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, மலையாளிகளுக்கு ஊளம்பாறை அப்படி: கேலிக்கும் திட்டுக்கும் பயன்படும் ஊர்ப்பெயர். 1870-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு வழிகளும் மனநோயைப் பற்றிய இரண்டு விளக்கங்கள். ஒன்று, நோய் வெளியிலிருந்து வந்து பிடித்தது என்கிறது. மற்றது, ஆளுக்கு உள்ளேயே ஏதோ பிசகிவிட்டது என்கிறது.

முதலில் பிலாத்தி. காணிக்காரர் மலையின் மேற்குச் சரிவில் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், இந்தப் பக்கம் குமரி, நெல்லை மாவட்டங்களிலும் வாழும் பழங்குடியினர். தமிழும் மலையாளமும் கலந்தது அவர்கள் பேச்சு. குடிக்குத் தலைவர் மூட்டுக்காணி. மருந்து, மந்திரம் இரண்டும் பிலாத்தியின் பொறுப்பு. நோய் கண்டவருக்காக அவர் சாற்றுப்பாட்டுப் பாடுவார். பக்கத்துணை கொக்கரை என்னும் கருவி. பல் வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசி ஒலி எழுப்புவார்கள். பாட்டு இரவெல்லாம் நீளும், குடியிருப்பே கூடி உட்கார்ந்திருக்கும். இறந்தவர் ஆவி, காட்டுத் தெய்வத்தின் கோபம், பிறர் ஏவல் என்று காரணம் எதுவானாலும் அது வெளியிலிருந்து வந்ததாக இருக்கும். வந்ததைப் போகச் சொல்லவும் முடியும்.

இந்த விளக்கத்தில் நோயாளி மேல் பழி இல்லை. அவள் சோம்பேறி, பலவீனமானவள், ‘மெண்டல்’ என்று யாரும் சொல்ல வழியில்லை. பிடித்தது இறங்கிவிட்டால் அவள் பழைய ஆள், அடுத்த நாளே விறகுக்குப் போகலாம். மனநோயாளி என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கல்யாணப் பேச்சு வரைக்கும் துரத்துகிற நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஊளம்பாறை மருத்துவர் அதே சிறுமியிடம் வேறு கேள்விகள் கேட்பார். தூக்கம் எப்படி? காதில் குரல் கேட்கிறதா? வலிப்பு வந்ததுண்டா? காய்ச்சல்? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி? வலிப்பும் மூளைக்காய்ச்சலும் இல்லையென்று உறுதியான பிறகு, தன்னுணர்வு இரண்டாகப் பிரிந்து நிற்கும் விலகல் நிலை என்று எழுதுவார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே பேய் பிடித்த நிலைக்குத் தனி இடம் உண்டு. பண்பாடு ஏற்றுக்கொண்ட சாமியாட்டத்தை நோய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. கோயில் கொடையில் அருள் வந்து ஆடும் நெல்லைக்காரரை மருத்துவம் தொடாது. ஆட்டம் தானாக வந்து, நிற்காமல், வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது நோய்.

உளவியல் பாடநூல்கள் இந்த உள்முக விளக்கத்தை மேலும் பல கூறாக்கும். மூளையின் வேதிப்பொருள், அடக்கிவைத்த ஆசை, கற்றுக்கொண்ட பழக்கம், கோணலான எண்ணம் என்று ஒவ்வொரு சிந்தனைப் பள்ளிக்கும் ஒரு காரணம். தங்களுக்குள் தீராத சண்டை போட்டாலும் ஒன்றில் எல்லாரும் ஒற்றுமை: நோய் இருப்பது ஓர் ஆளின் தோலுக்கு உள்ளே. உயிரியல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஜார்ஜ் எங்கெல் 1977-ல் எழுதினார். அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் அடுத்த நோயாளியைக் கூப்பிட வேண்டிய புறநோயாளிப் பிரிவில் மிஞ்சுவது உயிரியல் மட்டும்தான்.

இதை உடனே ‘நம் மரபு பேய், மேற்கு மூளை’ என்று பிரித்துவிடத் தோன்றும். அது தவறு. சரக சம்ஹிதை உன்மாதத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. வாதம், பித்தம், கபம், மூன்றும் சேர்ந்தது என நான்கு உடலுக்குள் எழுபவை. ஐந்தாவதுதான் வெளியிலிருந்து வருவது. ஆக, உடலுக்குள் காரணம் தேடுகிற வேலை இந்த மண்ணில் மருத்துவக் கல்லூரிகளுக்கு வெகுகாலம் முன்பே நடந்திருக்கிறது.

அதோடு, இன்றைய மூளை விளக்கத்தின் வேரில் ஒரு இந்தியச் செடியும் இருக்கிறது. கேரளத்தில் அமல்பொரி என்பார்கள், வடமொழியில் சர்ப்பகந்தா. 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்க மருத்துவர்கள், சித்தப் பிரமைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது மருந்தாகும் என்று கட்டுரை எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. 1954-ல் அமெரிக்காவில் நேத்தன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். ரத்த அழுத்தத்துக்காக ரெசர்பைன் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். அந்த மருந்து மூளையில் செரட்டோனின் போன்ற பொருள்களைக் குறைக்கிறது என்பதும் தெரியவந்தது. அப்படியானால் மனச்சோர்வு என்பதே அவற்றின் குறைபாடுதான் என்று ஒரு கோட்பாடு எழுந்தது. மனச்சிதைவுக்கான டோபமைன் கோட்பாடும் இதே போக்கில் வந்ததுதான். 1952-ல் பாரிஸில் குளோர்புரோமசைன் முதலில் பலன் தந்தது, அது மூளையில் எதைத் தடுக்கிறது என்ற விளக்கம் பிறகு வந்தது.

கவனியுங்கள்: மருந்து முன்னே, கோட்பாடு பின்னே. தலைவலிக்கு ஆஸ்பிரின் கேட்கிறது என்பதற்காக, தலைவலி ஆஸ்பிரின் பற்றாக்குறையால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மனச்சோர்வு விஷயத்தில் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் 2022-ல் தொகுத்துப் பார்த்த ஒரு குழு, மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியது. மாத்திரைகள் வேலை செய்கின்றனவா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனைகள் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நான் சொல்ல வருவது, ஒரு சிகிச்சையின் பலனும் அதற்குச் சொல்லப்படும் காரணமும் தனித்தனிக் கணக்குகள். மருத்துவருக்கு இந்தச் சலுகையைக் கொடுத்தால் பிலாத்திக்கும் கொடுத்தாக வேண்டும். ஆவி என்று ஒன்று இல்லை என்பதாலேயே சாற்றுப்பாட்டால் பலன் இல்லை என்று ஆகிவிடாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு கோயிலைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரில் முத்துசாமி கோயில் இருக்கிறது. மனநோயாளிகளை அங்கே கொண்டுவந்து தங்கவைப்பது வழக்கம். மருத்துவர் ரகுராமும் அவரது குழுவினரும் அங்கே தங்கிய 31 பேரை வந்த அன்றும் புறப்படும் அன்றும் பரிசோதித்து, 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. சில புதிய மருந்துகளின் பலனுக்கு நிகரான அளவு அது. இத்தனைக்கும் கோயிலில் மருந்தும் இல்லை, அடி உதையும் இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. காலையில் சின்னப் பூசை, பிறகு கோயில் வேலை: பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூட ஒரு உறவினர் தங்கியே ஆக வேண்டும். அடிதடியும் சங்கிலியும் இல்லாத இடம், செய்ய ஒரு வேலை, பக்கத்தில் சொந்தக்காரர்.

ஆய்வின் குறைகளும் தெளிவு. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட இன்னொரு குழு இல்லை. கோயிலைவிட்டுப் போன பிறகு எத்தனை பேர் நன்றாக இருந்தார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை. தானாகத் தணிந்து எழும் நோய்களில் ஆறு வாரக் கணக்கை வைத்து விழா எடுக்க முடியாது.

ஆனால் அந்தக் கோயில் நிபந்தனை, கூட ஒரு உறவினர் தங்க வேண்டும் என்பது, மனநல மருத்துவம் நன்றாக அறிந்த ஒன்று. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்துக்குள் கூடாரம் அடித்து நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். 1957-ல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் மனநலப் பிரிவைத் தொடங்கியபோது ஃபுளாரன்ஸ் நிக்கல்ஸ் அதையே விதியாக்கினார்: உறவினர் இல்லாமல் நோயாளி தங்க முடியாது. ஐரோப்பாவிலிருந்து வந்த காப்பகம் என்ற ஏற்பாடு நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதிலுக்குப் பின்னால் வைக்கும். நம் ஊர்க் கோயில்களும் தர்காக்களும் அப்படிச் செய்ததில்லை. இந்திய மனநல மருத்துவத்தின் மிகச் சிறந்த சொந்தப் பங்களிப்பு எது என்று கேட்டால் நான் இந்தக் குடும்ப வார்டைத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் பிலாத்தியின் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்துவிடும் ஆசை வரும். ஏர்வாடி அதைத் தடுக்கும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேய் என்ற விளக்கம் பழியை நோயாளி மேல் போடாது என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது அவள் இல்லை, பேய் என்று ஆகிவிட்டால், அடிப்பதற்கும் கட்டுவதற்கும் கை கூசாது.

பெண்களின் கணக்கை எடுத்தால் இன்னும் சங்கடம். தென்னார்க்காட்டுப் பேயோட்டும் சடங்குகளை நேரில் பார்த்து எழுதிய மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமாகிக் கணவனோடு ஒட்டாத இளம் பெண்களை என்று கண்டார். பிடிக்கும் பேய் காதல் கைகூடாமல் இறந்த இளைஞனாக இருக்கும். சடங்கின் முடிவில் அந்தக் காதலன் விரட்டப்படுவான், மனைவி கணவனிடம் திரும்புவாள். அவள் ஏன் ஒட்டவில்லை என்று சடங்கு கேட்பதே இல்லை. நோய்க்குறி போய்விடும், காரணம் அதே வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும். மருத்துவர் மாத்திரை எழுதி அனுப்பினாலும் அவள் போய்ச் சேருவது அதே வீடுதான் என்பது வேறு விஷயம்.

போனக்காட்டுச் சிறுமிக்கு வருவோம். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். சுடலையையும் இசக்கியையும் கூடவே கொண்டுவந்தவர்கள். அவர்கள் பெண்ணை இசக்கி பிடித்திருக்கலாமே? கதை சொல்கிறவர்கள் ஏன் அவளை இங்கிலீஷ் பேச வைத்தார்கள்? இங்கிலீஷ் பங்களாவின் மொழி. கூலியையும் தண்டனையையும் தீர்மானித்த மொழி. தொழிலாளர் லயத்துப் பிள்ளையின் வாயில் அந்த மொழி வந்தால்தான் கேட்கிறவருக்கு மயிர் கூச்செறியும். பிலாத்தி துரைமகளின் ஆவி என்பார், மருத்துவர் எங்கோ காதில் விழுந்த சொற்கள் என்பார். லயத்துக்கும் பங்களாவுக்கும் இடையில் இருந்த தூரத்தை இருவரும் நோயின் பகுதியாக எழுத மாட்டார்கள். தோட்டம் பிற்காலத்தில் நொடித்து, தொழிற்சாலை மூடி, கூலியும் பணிக்கொடையும் வருடக்கணக்கில் வராமல் தொழிலாளர்கள் தவித்தார்கள். பேய் தேடி வருகிறவர்களின் கேமரா லயத்துப் பக்கம் திரும்புவதில்லை.

வாழ்கிற சூழலைப் பார்க்காததுதான் இரண்டு விளக்கங்களுக்கும் உள்ள பொதுக் குருட்டுப் புள்ளி. 2022 தொடக்கத்தில் வித்துரா, பெரிங்ஙம்மலை ஊராட்சிகளின் காணிக்குடிகளில் இளம் பெண்களின் தற்கொலைகள் அடுத்தடுத்துச் செய்தியாயின. குடியிருப்புகளுக்குள் நுழைந்த போதைப்பொருள் கும்பல், காதல் என்று ஏமாற்றும் வெளியாட்கள், தொடரும் வறுமை என்று நாளிதழ்கள் காரணங்களை அடுக்கின. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது, அதனால் அந்தப் பட்டியலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதில் இருந்தவை ஆவியும் இல்லை, செரட்டோனினும் இல்லை.

ஆளைத் தொடாமல் சூழலைத் தொட்டும் உயிர் காக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் 1986-ல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான பெட்டகங்களில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். அந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, பெட்டகம் வைத்த ஊர்களில் தற்கொலை முயற்சிகளும் இறப்புகளும் குறைந்தன. யாருடைய மனத்தையும் ஆராயவில்லை, யாருக்கும் மந்திரிக்கவும் இல்லை. ஒரு பூட்டு, இரண்டு சாவி.

அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தில், வித்துராவுக்கு அருகே பாலோட்டில், தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1987-ல் காட்டுக்குள் போன ஆய்வாளர்களோடு வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமல் நடந்ததும், மென்றுகொண்டிருந்த காய் எந்தச் செடியுடையது என்று விசாரித்ததும், ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி ‘ஜீவனி’ என்ற மருந்தானதும் உலகம் அறிந்த கதை. பிலாத்தியிடம் இருந்த செடி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. பாட்டு போகவில்லை. போக வேண்டும் என்று நான் சொல்வது ஆவியை நிரூபிக்க இல்லை. ஒரு குடியிருப்பே இரவெல்லாம் ஒருவருக்காக விழித்திருப்பதால் அந்த ஒருவருக்கு என்ன நேர்கிறது என்று அறியத்தான். திண்டுக்கல் கோயிலில் செய்ததை இங்கே ஒப்பீட்டுக் குழுவோடு செய்யலாம்.

அப்படியானால் யாரிடம் போவது? நோயாளிகள் இந்தக் கேள்வியை நம்மைப் போல் கேட்டுக்கொள்வதில்லை. வேலூரில் புதிதாக மனச்சிதைவு கண்ட 131 பேரிடம் காரணம் என்ன என்று கேட்ட ஆய்வு 2007-ல் வந்தது. 70 சதவீதம் பேர் தெய்வக் குற்றம், செய்வினை போன்றவற்றைச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல காரணங்களை ஒரே மூச்சில் சொன்னார்கள். சொன்னது மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு. தாயத்தும் மாத்திரையும் ஒரே கையில் இருப்பதில் அவர்களுக்கு முரண்பாடு தெரியவில்லை. கோயிலா ஆஸ்பத்திரியா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று அதட்டுகிற மருத்துவரிடம் அவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை, அவ்வளவுதான். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கி ஏர்வாடியிலும் வந்த ‘தவா-துவா’ திட்டம் இதைப் புரிந்துகொண்ட ஒன்று. தொழுகைக்கு வருகிறவர் அங்கேயே மருத்துவரையும் பார்க்கலாம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாத குரல் கேட்பது, தூக்கமில்லாத வெறி, உயிரை விடும் எண்ணம் இவற்றில் மருந்துக்கும் மருத்துவருக்கும்தான் முதல் இடம். அங்கே காத்திருப்பது ஆபத்து, பாட்டு முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. துக்கம், பயம், ஒட்டாத கல்யாணம், உள்ளூர மென்று விழுங்கிய அவமானம் இவற்றில் மாத்திரை எழுதும் கை கொஞ்சம் பொறுக்கட்டும். அங்கே கூட உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் தேவை. அதைப் பிலாத்தி அறிந்த அளவுக்கு மருத்துவமனை அறியவில்லை. எந்த விளக்கத்தின் பேரிலும் சங்கிலி கூடாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. அது கோயிலுக்கும் தர்காவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுத் திண்ணைக்கும் ஒன்றுதான்.

மலைத் தோட்டத்திலோ காணிக்குடியிலோ உங்கள் வீட்டிலோ ஒருவர் தவிப்பது தெரிந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் கிடைக்கும். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.